அம்மாவின் நேர்ச்சையும் ஜெருசலேமில் ஒரே நாள் ஈஸ்டரும்

ஆறு வருஷம் தீராமல் கிடந்த நேர்ச்சை இது. 2011-இல் இவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று, மணப்பாடு திருச்சிலுவைக் கோவிலில் அம்மா முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். "மருமகன் பிழைச்சு வந்துட்டா, ரெண்டு பேரும் ஆண்டவர் பாடுபட்ட எடத்துக்கே போய் முழந்தாள் போட்டுட்டு வரணும்" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

என் கல்யாணத்துக்கு வராத அம்மா அவள். நான் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். இவர் நம்ம தமிழ்நாட்டு நாசரேத்து சி.எஸ்.ஐ., புரொட்டஸ்டன்ட் சபை. எங்கள் பாட்டி காலத்தில் அவர்களைப் 'பதிதர்', அதாவது வேதம் தவறியவர்கள் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருஷம் அம்மா எங்களோடு பேசவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் வாசல் திறந்தது. அப்படிப்பட்டவள் இவருக்காக ராத்திரி முழுக்கச் செபமாலை உருட்டினாள் என்றால் அது ஆண்டவர் செய்த காரியம். 2014-இல் அம்மா போய்விட்டாள். 2017 ஏப்ரலில்தான் எங்களுக்குப் பணமும் சேர்ந்தது, டாக்டரும் சரி என்றார்.

நாங்கள் தேடிப் பிடித்த வருஷம் இல்லை அது. அந்த ஏப்ரல் 16-இல் மேற்கத்திய சபைகளுக்கும் கிழக்கத்திய சபைகளுக்கும் ஈஸ்டர் ஒரே நாளில் விழுந்தது. 1582-இல் போப்பாண்டவர் நாட்காட்டியைத் திருத்தினார். கிழக்கே இருந்த ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டன. அதனால் பெரும்பாலான வருஷங்களில் ஒருவர் தவக்காலத்தில் இருக்கும்போதே இன்னொருவர் அல்லேலூயா பாடி முடித்துவிடுவார். 2014-இல் ஒன்றாக வந்தது, 2017-இல் வந்தது, அப்புறம் 2025-இல்தான். அடுத்தது 2028.

எங்கள் வழிகாட்டி ஜெருசலேமிலேயே பிறந்த அரபுக் கிறிஸ்தவர். அப்பா ஆர்த்தடாக்ஸ், அம்மா கத்தோலிக்கர். "எங்க வீட்டுல இந்த வருஷம் ஒரே ஈஸ்டர், அம்மா ஒரே தடவை சமைச்சா போதும்" என்று பஸ்ஸில் மைக்கில் அவர் சொன்னபோது நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கினால் இவர் அப்படித்தான்.

குருத்து ஞாயிறு அன்று நாங்கள் ஜோர்டானில் இருந்தோம். எகிப்தில் தாந்தாவிலும் அலெக்சாந்திரியாவிலும், அந்நாட்டின் பழைய கிறிஸ்தவ சபையான காப்டிக் சபையின் கோவில்களில் குண்டு வெடித்த செய்தி அன்றுதான் வந்தது. குருத்தோலை பிடித்துப் பூசைக்கு வந்த சனங்கள். ஊரிலிருந்து மகன் போன் போட்டு, "திரும்பி வந்துடுங்கம்மா" என்றான். நேர்ச்சையைப் பாதியில் விட்டு எப்படித் திரும்புவது? சுற்றுலாக்காரர் எகிப்துப் பயணத்தை மட்டும் ரத்து செய்தார்.

புனித சனி அன்று ஜெருசலேம் பழைய நகரத்துக்குள் நுழைந்ததே பெரும்பாடு. மத்தியானம் இரண்டு மணி வாக்கில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவரான பிதாப்பிதா, திருக்கல்லறைக் கோவிலில் ஆண்டவருடைய கல்லறைக்குள் போய்ப் புனித நெருப்போடு வெளியே வருவார். உலகத்தில் உள்ள ஆர்த்தடாக்ஸ் சனங்கள் எல்லாம் அந்தச் சந்துகளுக்குள் இருந்தார்கள் என்றே தோன்றியது. மூலைக்கு மூலை போலீஸ் தடுப்பு. அனுமதிச்சீட்டு இருந்தால்தான் கோவில் முற்றம். கடைக்காரர்கள் வேறு கையைப் பிடித்து இழுக்கிறார்கள். முப்பத்துமூன்று மெழுகுதிரி சேர்த்துக் கட்டிய கட்டுக்கு ஒருவன் பத்து டாலர் என்றான், நான் நகர்ந்ததும் நாலு டாலர் என்றான். ஆண்டவருடைய வயதைக் கணக்கு வைத்துக் கட்டிய திரிக்கு இப்படிப் பேரம் பேசவேண்டி வந்தது எனக்கு வேதனையாக இருந்தது. முந்தின நாள் பெத்லகேமில் ஒலிவமரச் சிலைக் கடையில் எங்களை முழுசாக ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறந்த குகையில் கிடைத்தது பத்து நிமிஷம். பயணம் நடத்துகிறவர்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தடுப்புக்கு முன்னால் கூட்டம் நெருக்கியபோது இவர் நெஞ்சில் கையை வைத்தார். முகமெல்லாம் வேர்வை. எனக்குக் கால் ஓடவில்லை. வெள்ளைத் துணி போர்த்திய ஒரு எத்தியோப்பியப் பாட்டி, தான் உட்கார்ந்திருந்த மடக்கு ஸ்டூலை எடுத்து இவருக்குக் கீழே போட்டாள். தண்ணீர் பாட்டிலையும் திறந்து நீட்டினாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. என் கன்னத்தைத் தடவிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். கோவிலின் கூரைமேல் சின்னச் சின்ன அறைகளில்தான் எத்தியோப்பியத் துறவிகள் காலங்காலமாக வாழ்கிறார்கள் என்று வழிகாட்டி காட்டியிருந்தார். இருப்பதிலேயே குறைந்த இடம் உள்ளவர்களிடமிருந்து எங்களுக்கு இடம் கிடைத்தது.

திடீரென்று மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. சந்து முனையிலிருந்து வெளிச்சம் கை மாறிக் கை மாறி ஓடி வந்தது. கிரேக்கரிடமிருந்து அர்மேனியருக்கு, காப்டிக்காரருக்கு, சிரியன் சபைக்காரருக்கு, அப்புறம் யார் எவர் என்று கேட்பதற்கே நேரமில்லை. அந்தப் பாட்டியின் திரியிலிருந்து நான் பற்றவைத்தேன். நேர்ச்சைத் திரி ஏற்றும் வழக்கம் இவருக்குக் கிடையாது. அன்று கையை நீட்டி என் கட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டார். மணப்பாட்டுக் கோவிலில் அம்மா திரி பிடித்து நிற்பதுபோலவே இருந்தது.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. பூசைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் கல்லறை வரிசையில் நின்றோம். அங்கேயும் செல்ஃபி குச்சிகள், இடித்து முன்னே போகிறவர்கள், அதில் நம் ஆட்களும் உண்டு. சரி, அதை விடுவோம். கல்லறைமேல் உள்ள சின்னக் கோவிலைச் சுற்றி, 1947-இல் வெள்ளைக்காரர்கள் விழாமல் முட்டுக்கொடுத்த இரும்புக் கம்பிகள் எழுபது வருஷம் நின்றன. கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மேனியர் மூவரும் ஒத்துக்கொள்ளாமல் அங்கே ஒரு கல்லையும் தொட முடியாது. கடைசியில் மூவரும் ஒத்துக்கொண்டு, வேலை முடித்துத் திறந்தது 2017 மார்ச் 22. நாங்கள் போனபோது ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்பி இல்லாமல், கரி இல்லாமல், கல் பளிச்சென்று இருந்தது. "எங்க சபையும் 1947-லதான் ஒண்ணாச்சு" என்றார் இவர். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆன வருஷத்தைச் சொன்னார்.

குனிந்து உள்ளே போனால் பளிங்குப் பலகை. நெற்றியை வைத்தேன். "அம்மா, வந்துட்டோம்" என்பது மட்டுமே வாயில் வந்தது. அதற்குள் வாசலில் நின்ற துறவி தோளைத் தட்டிவிட்டார்.

அதோடு முடியவில்லை. கல்லறையின் பின்புறத்தில் காப்டிக் சபைக்கு ஒரு சின்ன பீடம் உண்டு. குனிந்தால் அதன் கீழே பாறையைத் தொடலாம். அங்கே கறுப்புச் சேலை மாதிரி உடுத்த மூன்று எகிப்தியப் பெண்கள் பாறையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். தாந்தாவோ, அலெக்சாந்திரியாவோ, கேட்க மனம் வரவில்லை. அவர்கள் பக்கத்தில் நாங்கள் முழங்காலில் நின்றோம். நான் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தேன். இவர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று. இருபத்தாறு வருஷமாக வீட்டு ஜெபத்தில் இந்த இடத்தில் நாங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வோம். யாராவது ஒருவர் நிறுத்திவிடுவோம். அன்று நிறுத்தவில்லை. அந்தப் பெண்களும் அரபியில் அதையே சொல்கிறார்கள் என்று ராகத்திலேயே தெரிந்தது. என் ஜெபம் 'தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்' என்பதோடு முடிந்தது. இவருக்கு இன்னும் ஒரு வரி உண்டு. "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று இவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். ஆமென் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக வந்தது.

எழுந்தபோது எதிரே சிரியன் சபைக்காரர்கள் வழிபடும் அறை தெரிந்தது. யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் பழுது பார்க்காமல், சுவரெல்லாம் கரிபிடித்துக் கிடக்கிறது. கோவிலின் சாவியே காலங்காலமாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம்தான் இருக்கிறது. மனசு வலித்தது. அந்த அறைக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

அந்தக் கோவில் 335-இல் அபிஷேகமான நினைவிலிருந்து வந்ததுதான் எங்கள் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள். அந்த வருஷத் திருநாளுக்கு மணப்பாட்டுக்குப் போனோம். பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தபோது, அணைத்துக் கொண்டுவந்த முப்பத்துமூன்று திரியையும் பையிலிருந்து எடுத்தேன். கடல் காற்றில் இரண்டு தீக்குச்சி அணைந்தது. "கொடு, நான் வைக்கேன்" என்று இவர் தீப்பெட்டியை வாங்கி, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.