திருமலையில் கிடக்கும் சின்னத் தம்பி

பழைய மாணவர் சங்க மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ அக்கா என்று செயலாளர் தம்பி போன் எடுக்கும்போதெல்லாம் கேட்கிறார். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, கன்ரீன் வடை எல்லாவற்றையும் மற்றவர்கள் ஏற்கெனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே நான் திருகோணமலையில் எங்களுக்குப் படிப்பித்த ஆங்கில ரீச்சரையும், அவர் எங்களுக்குப் பழக்கிவிட்ட ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினையும், இங்கிலாந்துக்கு வந்த பிறகு நான் கண்ட ஆஸ்டின் பைத்தியங்களையும் பற்றி எழுதுகிறேன். பைத்தியங்கள் என்று பிரியமாகத்தான் சொல்கிறேன், என் மகளும் அதில் ஒருத்தி.

ரீச்சர் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' கதை சொல்லுவார். கதை என்றா சொன்னார், பக்கத்து வீட்டு வம்பு போலச் சொன்னார். ஐந்து குமர்ப் பெட்டைகள், தகப்பனுக்கு ஆண் பிள்ளை இல்லை, அதனால் வீடு வளவு எல்லாம் தூரத்து உறவுக்காரன் கொலின்ஸுக்குப் போகப்போகிறது, தாய்க்காரிக்கு இரவு பகலாக மாப்பிள்ளை யோசனை. இதில் விளங்காமல் போக எங்களுக்கு என்ன இருக்கிறது? 'பெனற் மாமி' என்றுதான் ரீச்சர் சொல்லுவார், எங்களுக்கும் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெனற் மாமி இருந்தா. கொலின்ஸ் வந்து எலிசபெத்திடம் கலியாணம் பேசுகிற இடத்தில் சரியாக மணி அடித்துவிடும், அடுத்த வெள்ளி வரை வகுப்பே கிடந்து தவிக்கும்.

ஒருநாள் ரீச்சர் சாதாரணமாகச் சொன்னார், "இந்தக் கதை எழுதினவவின்ர தம்பி இங்கதான் கிடக்கிறார், எஸ்பிளனேட் சேமக்காலையில்." ஒருவரும் நம்பவில்லை. ரியூஷன் முடிந்து இருட்டுகிற நேரத்தில் அந்தக் கல்லறைப் பக்கம் சைக்கிளில் வந்தால் பேய்க்குப் பயந்து உழக்கிற எங்களுக்கு, உள்ளே கிடப்பவர் யாருடைய தம்பி என்பதெல்லாம் ஒரு பொருட்டா?

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். 1995இல் பிபிசி அந்த நாவலைத் தொடராகப் போட்டதும் நாடே நாயகன் டார்சியாக நடித்த கொலின் ஃபேர்த் மேல் மையல் கொண்டது. அவர் குளத்தில் குதித்து நனைந்த சட்டையோடு வருகிற காட்சி நாவலில் கிடையாது, ஆனால் இன்றைக்கும் பலருக்கு அதுதான் ஞாபகம். என் மகள் அந்தத் தொடரைப் பிற்காலத்தில் பார்த்துத்தான் விழுந்தாள். தொடரில் இருந்து புத்தகத்துக்குப் போனாள், ஆறு நாவலையும் முடித்தாள், மிஞ்சியிருக்கிற கடிதங்களையும் முடித்தாள் (ஏறக்குறைய 160தான் தப்பின, மற்றவற்றில் நிறைய அக்கா கசான்ட்ராவே எரித்துவிட்டார், அதற்காக ஜேனைற்றுகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற இந்த ரசிகர்கள் இன்னும் அந்த மனிசியை மன்னிக்கவில்லை). அப்புறம் ஒரு செப்டம்பரில் என்னையும் பாத் நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே 2001இலிருந்து ஆண்டுதோறும் ஜேன் ஆஸ்டின் விழா நடக்கிறது. ஜேன் வாழ்ந்த ரீஜன்சி காலத்து உடுப்போடு நூற்றுக்கணக்கான பேர் தெருவெல்லாம் ஊர்வலம் போகிறார்கள், கோணேசர் தேர் வெளியே வந்ததுபோல் சனம் இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறது. பொனெற் கட்டிய பாட்டிகள், சிவப்புக் கோட்டுப் பட்டாளத்துக்காரராக வந்த கணக்காளர்கள், கூலிங் கிளாஸ் போட்ட டார்சி. மகள் போட்டிருந்த கவுண் என்னுடைய பழைய வெள்ளைச் சேலையில் தைத்தது. முதலில் எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அவள் ஜேனின் 'நோர்த்தாங்கர் அபி' நாவலை விரித்துக் காட்டினாள். அதில் ஹென்றி டில்னி, தங்கச்சிக்கு ஒரு யார் துணி ஐந்து ஷில்லிங்குக்கு அசல் இந்திய மஸ்லின் வாங்கிக்கொடுத்தேன் என்று பெருமை அடிக்கிறான். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெண்கள் இந்தியத் துணிக்குத்தான் ஆலாய்ப் பறந்தார்கள் என்றால் என் சேலை என்ன குறைந்தது, கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் ஜேனுக்கு பாத் பிடிக்கவே இல்லை. 1801இல் தகப்பன் ஓய்வெடுத்துக்கொண்டு குடும்பத்தை அங்கே கூட்டிப்போக, எழுத்து ஏறக்குறைய நின்றே போனது. 1805இல் தகப்பனும் அங்கேயே இறந்தார். மறு வருஷம் அந்த ஊரைவிட்டுப் போனதை ஏதோ தப்பிப் பிழைத்ததுபோலப் பின்னால் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். நகரசபை இதை விளம்பரத்தில் போடாது. ரசிகர்கள் நன்றாகவே தெரிந்துகொண்டுதான் ஊர்வலம் போகிறார்கள்.

எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது உடுப்பினால் இல்லை, சண்டையினால். 2017இல் பத்துப் பவுண் தாளில் ஜேனின் படம் வந்தது. வாசிப்பதைப்போல இன்பம் வேறில்லை என்று ஒரு வரியும் போட்டார்கள். அது 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்'இல் கரோலைன் பிங்லி டார்சியை மயக்குவதற்காகச் சும்மா விடுகிற வசனம், அவள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறவள்! இதைக் கண்டுபிடித்துக் கத்தினவர்கள் இந்த வாசகர்கள்தான், வங்கிக்காரருக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லைப் போலும். மோதிரக் கதையும் உண்டு. ஜேனின் டர்கொய்ஸ் என்கிற நீலப்பச்சைக் கல் மோதிரத்தை 2012இல் அமெரிக்கப் பாடகி கெலி கிளார்க்சன் ஏலத்தில் ஒன்றரை லட்சம் பவுணுக்கு மேல் கொடுத்து எடுத்தார். அரசாங்கம் அதை நாட்டைவிட்டுப் போகாமல் தற்காலிகமாக மறித்தது, அதற்குள் சோட்டன் கிராமத்தில் ஜேன் வாழ்ந்த வீட்டு நூதனசாலைக்காரர் நன்கொடை சேர்த்து வாங்கிவிட்டார்கள். கிளார்க்சனும் ரசிகைதான், பாவம்.

பாத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு அம்மா நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். வழக்கமாக ஸ்ரீலங்கா என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அன்றைக்கு ஏனோ திருகோணமலை என்றேன். அந்த மேசையில் இருந்த அவ்வளவு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சாள்ஸ்!" என்றார் ஒருவர். சேமக்காலை எந்த இடம், போய்ப் பார்த்தாயா, எழுத்து வாசிக்க முடிகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. ரீச்சர் சொன்ன அந்தத் தம்பி! நாற்பது வருஷமாக இந்த நாட்டில் ஊர் பெயரைச் சொன்னால் கடற்கரையைப் பற்றியோ சண்டையைப் பற்றியோதான் கேட்பார்கள், முதல் தடவையாக நான் சைக்கிள் ஓடின தெருவை ஒருவர் கேட்டார்.

அவர்கள் சொல்லித்தான் முழுக் கதையும் எனக்குத் தெரியும். சாள்ஸ் கடைக்குட்டி, ஜேனைவிட மூன்று வயது சொச்சம் இளையவர். தங்களுடைய சின்னத் தம்பி என்று ஜேன் உருகுவார். கடற்படையில் சேர்ந்து, எதிரிக் கப்பல் பிடித்ததில் கிடைத்த பங்குப் பணத்தில் 1801இல் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கினார். காசை இப்படிச் செலவழித்ததற்கு நன்றாக ஏச வேண்டும் என்று ஜேன் கடிதத்தில் செல்லமாகக் கோபிக்கிறார். பிறகு ஜேன் எழுதிய 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் கடற்படைத் தம்பி அல்ல, அண்ணன் வில்லியம், நாயகி ஃபனிக்கு அம்பர் சிலுவை வாங்கிக்கொண்டு வருகிறான், அவனிடம் சங்கிலிக்குத்தான் காசில்லை. அந்தச் சிலுவைகள் இரண்டும் இன்றைக்கும் சோட்டனில் இருக்கின்றன. ஜேன் 1817இல் 41 வயதில் போய்விட்டார். சாள்ஸ் பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்தியப் பிரிவுக்குத் தளபதியாகி, இரண்டாம் பர்மியப் போரில் ஐராவதி ஆற்றில் 1852 அக்டோபர் 7ஆம் திகதி வாந்திபேதியில் இறந்து, எங்கள் ஊர் மண்ணுக்கு வந்தார்.

பிறகு ஊருக்குப் போனபோது சேமக்காலைக்கும் போனேன். கல்லில் அவருடைய பதவிகள்தான் வரிசையாக இருக்கின்றன, அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வின்செஸ்டர் தேவாலயத்தில் ஜேனின் கல்லிலேயே நாவல் எழுதினவர் என்று போடாதபோது தம்பியின் கல்லில் எங்கே போடுவார்கள்? இருந்த காலத்தில் புத்தகத்தில்கூட அவருடைய பெயர் வரவில்லை, முதல் நாவல் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்றுதான் வந்தது. அண்ணன் மகன் ஒருவர் வாழ்க்கை வரலாறு எழுதி 1870 வாக்கில் வெளிவந்த பிறகுதான் இந்தக் கொண்டாட்டமெல்லாம்.

மகளின் கூட்டாளிகளுக்கு நான் பதிலுக்கு 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' போட்டுக் காட்டினேன், 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' தமிழில் வந்தது அவர்களுக்குத் தெரியும், மம்முட்டிதான் கேர்ணல் பிரண்டன் என்றதும் ஒரே ஆரவாரம். அவர்களில் இருவர் வருகிற வருஷம் திருமலைக்குப் போகிறார்கள். சேமக்காலைக்கு முன்னால் கோணேசர், பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறு என்று வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு ஆறு நாவலும் ஒரு செற் தருவதாகவும் சொல்கிறார்கள். கெட்டி அட்டைப் பதிப்பு, நல்ல பாரம், விமானத்தில் கொண்டுபோக முடியாது. யாராவது ஊருக்குக் கப்பலில் பெட்டி போடுவதாக இருந்தால் தயவுசெய்து செயலாளர் தம்பியிடம் சொல்லிவிடுங்கோ.