செக் கையில் இருந்தால் காசு யாருடையது?

காலபோக அறுவடை முடிந்த கையோடு கிளிநொச்சிப் பக்கம் நெல் வாங்க வருகிற வியாபாரிகளில் சிலர் காசுக்குப் பதிலாகச் செக்கைத்தான் நீட்டுவார்கள், அதுவும் ஒரு மாதம் தள்ளித் திகதி போட்டு. செக்கை வாங்கின விவசாயி "பாங்கில கிடக்கிற அவன்ர காசு இப்ப என்ர" என்று தெம்பாகச் சொல்லுவார். இல்லை அண்ணை.

செக் என்பது வங்கிக்கு எழுதுகிற உத்தரவு, அவ்வளவுதான். வங்கி காசைக் கொடுக்கும்வரை அந்தக் கணக்கில் ஒரு சதம்கூட உங்களுடையது ஆகாது. நம்முடைய 1927ஆம் ஆண்டு மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் (செக்குக்கும் இதுதான் சட்டம்) 1882இன் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது, அதன் நிலைப்பாடும் இதுதான். (ஸ்கொட்லாந்தில் 2009வரை வேறு வழக்கம் இருந்தது: செக்கை வங்கியில் நீட்டியதுமே கணக்கில் இருப்பது அந்தத் தொகைவரை செக்கை வாங்கியவர் பக்கம் சேர்ந்தது. நமக்கு அது வாய்க்கவில்லை.)

இன்னும் கிண்டிப் பார்த்தால், வியாபாரியின் காசு என்று வங்கியில் தனியாக ஒன்று கிடையவே கிடையாது. போட்ட கணமே அது வங்கியின் காசு, வங்கி அவருக்குக் கடன்காரன், அதாவது கேட்டால் திருப்பித் தரவேண்டியவன். ஃபோலி எதிர் ஹில் வழக்கில் 1848லேயே லண்டனில் இப்படித் தீர்த்துவிட்டார்கள். வன்னி ஆட்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, 2009இல் புலிகள் நடத்திய வங்கியான தமிழீழ வைப்பகம் இல்லாமற் போனபோது புத்தகம் கையில் இருந்தது, கடன்காரன்தான் இல்லை. இப்போது உரிமம் பெற்ற வங்கிகளில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபாய்வரை வைப்புக் காப்புறுதி உண்டு, ஆனால் அது காசு போட்டவருக்கு, செக் வைத்திருப்பவருக்கு இல்லை.

ஆகவே வியாபாரி நாளைக்கே போய்ச் செக்கை நிறுத்தச் சொல்லலாம், வங்கி கேட்டுத்தான் ஆகவேண்டும். அவர் இறந்த செய்தி எட்டினாலும் வங்கி கொடுக்காது. உங்களுக்கு முதல் இன்னொருவர் தன் செக்கைப் போட்டுக் கணக்கைக் காலியாக்கினால் வங்கியோடு சண்டை பிடித்துப் பயனில்லை, அது உங்களுக்கு எதுவும் தர ஒப்புக்கொள்ளவில்லையே! பே ஓர்டர் என்றால் கதை வேறு, அதில் கொடுக்கிறேன் என்று சொல்வது வங்கியேதான். பெரிய தொகைக்கு நான் அதைத்தான் கேட்பேன், இல்லாவிட்டால் நேரடியாகக் கணக்குக்கு மாற்றச் சொல்லுவேன், முகம் சுழித்தால் சுழிக்கட்டும்.

சரி, செக் திரும்பிவிட்டதா? நெல்லுக்கான கடன் அழியவில்லை, வியாபாரி இன்னும் உங்களுக்குக் கடன்காரன்தான், அந்தச் செக்கை வைத்தே வழக்குப் போடலாம். காசில்லை என்று தெரிந்துகொண்டே எழுதியிருந்தால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டப்படி அது குற்றமும்கூட. ஆத்திரத்தில் கிழித்துப் போடாமல், வங்கி தருகிற காரணச் சீட்டையும் நெல் நிறுத்த துண்டையும் அதோடு சேர்த்து வையுங்கள்.