அம்புக்குறி போன இடம்

முதலில் அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றடி நீள பி.வி.சி. குழாய், இரண்டு முனையிலும் மூடி, உள்ளே சுருட்டி வைத்த என் போஸ்டர். சென்னை சென்ட்ரலில் லால்பாக் எக்ஸ்பிரஸ் ஏறியதிலிருந்து அதை மடியில் வைப்பதா, மேலே வைப்பதா, காலுக்கடியில் போடுவதா என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் ஜோலார்பேட்டை வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மீன் பிடிக்கிறதாம்மா அது?" என்று கேட்டார். இல்லைங்க, சாக்கடைத் தண்ணீர் பற்றி ஒரு கான்ஃபரன்ஸ், அதுக்குப் போறேன் என்றேன். அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

நான் சென்னையில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ஓசூர் பக்கம். எங்கள் நிலம் கெலவரப்பள்ளி அணையின் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. மழை பெய்து அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் தென்பெண்ணையில் வெள்ளை நுரை மலைமாதிரி எழும்பி வரும் படங்களை டிவியில் பார்த்திருப்பீர்கள், அந்த ஊர்தான். சின்ன வயதில் நாங்கள் அதை வாரி எடுத்து ஊதி விளையாடியிருக்கிறோம், அப்புறம் கால் அரித்தால் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். படிப்புக்கு ப்ராஜெக்ட் எடுக்கச் சொன்னபோது யோசிக்கவே இல்லை. கெலவரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரைக்கும் ஆறு இடத்தில் தண்ணீர் எடுத்து, பாஸ்பேட் எவ்வளவு, சோப்பு ரசாயனம் எவ்வளவு என்று பார்ப்பது. அதைத்தான் போஸ்டராக்கிப் பெங்களூரில் கழிவுநீர் மறுபயன்பாடு பற்றி நடக்கிற மூன்று நாள் மாநாட்டுக்கு அனுப்பியிருந்தேன், எடுத்துக்கொண்டார்கள். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் 3,500 ரூபாய். சலுகை என்று சொன்னார்கள், நான் நம்பினேன்.

தங்கியது அல்சூரில் அத்தை வீட்டில். மாமா ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆகிறது. நான் வந்த காரணத்தைக் கேட்டதும் அத்தை, "தண்ணி மாநாடா? அப்போ நாளைக்கு எங்க தெருவுக்குக் காவிரி எத்தனை மணிக்கு வரும்னு கேட்டுட்டு வா பாப்பா" என்றார். சிரித்தோம், ஆனால் அவர் பாதி நிஜமாகவே கேட்டார். 2024 கோடையில் நகரத்தில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போனபோது டேங்கருக்காக மாமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்த கதையை அன்றைக்கு இரவே இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

காலையில் ஹலசூரு மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, யஷ்வந்த்பூர் தாண்டி இறங்கவேண்டும். ஸ்கேனர் மெஷின் அருகில் செக்யூரிட்டி அம்மா குழாயைத் திறக்கச் சொன்னார். போஸ்டரைப் பாதி உருவிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ கேட்டார், எனக்கு 'நதி' மட்டும்தான் புரிந்தது. ஆமாம் ஆமாம் நதி என்றேன். விட்டுவிட்டார். அந்த மூன்று நாளில் என் போஸ்டரை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே, அதில் அவரும் ஒருவர்.

மாநாடு நடந்த ஹோட்டலில் குளிர் எலும்பைத் தொட்டது. கழுத்தில் மாட்ட அட்டை, சணல் பை, அதற்குள் ஒரு நோட்டு, ஒரு பேனா, பம்ப் விற்கிற நாலு கம்பெனியின் விளம்பரம். வெளியே ஸ்டால்கள். கோட்டு போட்டவர்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளில் தட்டிக்கொண்டார்கள். நான் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், 'மாணவர்' என்று அதில் பச்சை நிறத்தில் போட்டிருந்ததுதான் காரணம். போஸ்டர் பலகைகளைக் கழிப்பறைக்குப் போகும் நடையில் வைத்திருந்தார்கள். கழிவுநீர் மாநாடுதானே, பொருத்தமான இடம்தான் என்று எனக்கு அடுத்த பலகைப் பையன் சொன்னான்.

முதல் நாள் காலையில் கேட்ட பேச்சு ஒன்று உண்மையிலேயே பிரமாதம். பெங்களூருக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்பதை அந்தப் பொறியாளர் கதை மாதிரி சொன்னார். 1896இல் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி. நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று இடத்தில் பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறந்ததில் இன்னும் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர். ஏற்றிய தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியியலில் நாங்கள் முதல் வகுப்பிலேயே படிக்கிற கணக்கு. நகரம் ஒரு மேட்டு முதுகில் உட்கார்ந்திருப்பதால், மேற்குப் பக்கம் விழுவது விருஷபாவதி வழியாக மறுபடியும் காவிரிக்குப் போகிறது, கிழக்குப் பக்கம் விழுவது பெல்லந்தூர் ஏரிக்கும் அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போகிறது.

அப்புறம்? அப்புறம் அந்த ஸ்லைடில் வர்த்தூரிலிருந்து ஒரு நீல அம்புக்குறி வலதுபக்கமாகப் போய்ப் படத்தின் ஓரத்தில் முடிந்துவிட்டது. அடுத்த ஸ்லைடு.

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. அந்த அம்புக்குறி போகிற இடம் எங்கள் வீடு. காவிரியைத் தூக்கி மேலே கொண்டுபோய், அந்த ஊர் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி, கடைசியில் அது தென்பெண்ணையில் இறங்கி எங்கள் முட்டைக்கோஸுக்கு வருகிறது. ஒரு வகையில் பார்த்தால் காவிரிப் பாசனம் இல்லாத எங்கள் ஊருக்கும் காவிரி வருகிறது, பெங்களூரின் குளியலறை வழியாக. இந்த ஜோக்கை ராத்திரி மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். மைக் வந்து சேர்வதற்குள் மனதில் இங்கிலீஷில் எட்டு தடவை சொல்லிப் பார்த்திருப்பேன், அப்படியும் வாயைத் திறந்ததும் கேள்வி பாதியில் உடைந்து, கீழே இருக்கிறவர்களுக்கு வருகிற தண்ணீரின் தரத்தை நீங்கள் அளக்கிறீர்களா என்பதை நான் ஏதோ சண்டைக்குப் போன மாதிரி கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அது மாநிலங்களுக்கு இடையிலான விஷயம், என் பேச்சின் எல்லைக்குள் வராது, தேநீர் இடைவேளையில் பேசலாம் என்றார். இடைவேளையில் அவரைச் சுற்றிப் பத்துப் பேர். நான் பிஸ்கட்டோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவர், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போகாமல் அல்சூர் ஏரிக்கரையில் நடந்தேன். திருவள்ளுவர் சிலை அங்கேதான் இருக்கிறது. 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்தது, அதே வாரம் சென்னையில் அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞர் சிலையைத் திறந்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது, ஓசூரில் அதற்காகவும் பட்டாசு வெடித்தார்கள் என்று ஞாபகம். அன்றைக்கு நடந்துகொண்டே, வீட்டுக்குப் போனதும் நெறியாளர் மேடத்துக்கு எழுத வேண்டிய கோபமான வாட்ஸ்அப் செய்தியை மனதில் எழுதி முடித்திருந்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

ஏனென்றால் மறுநாள் போஸ்டர் நேரம். மதிய உணவோடு சேர்த்து வைத்திருந்தார்கள், ஆக எல்லாரும் கையில் தட்டோடு வந்து பிரியாணிக்கும் பாஸ்பேட்டுக்கும் நடுவில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்து நின்றாள், பெங்களூரில் படிக்கிறாள், ஊர் கோலார். எனக்குக் கன்னடம் வராது, அவளுக்குத் தமிழ் வராது, ஆனால் ஓசூர்க்காரிக்கும் கோலார்க்காரிக்கும் தெலுங்கு வரும், அதிலேயே பேசினோம். முழு போஸ்டரையும் படித்தாள். அப்புறம் வரைபடத்தின் இடது மேல் மூலையில் விரலை வைத்து, "இங்கே என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அங்கே எங்கள் கல்லூரி முத்திரை இருந்தது. என் வரைபடம் மாநில எல்லைக்கோட்டில் தொடங்குகிறது. அதற்கு மேலே வெள்ளை. காலி இடம் வீணாகப் போகிறதே என்று முத்திரையை அங்கே ஒட்டியிருந்தேன்.

"உங்க காலேஜ் இருக்கிற இடத்துலதான் வர்த்தூர் இருக்கு" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நேற்று ஒருத்தர் படத்தைக் கீழே வெட்டினார் என்று ஏரியைச் சுற்றி நடந்து கோபப்பட்டவள், என் படத்தை மேலே வெட்டியிருக்கிறேன். மாதிரி எடுக்க அனுமதி, வண்டி, நேரம் என்று எனக்கும் காரணங்கள் இருந்தன, அவருக்கு இருந்த மாதிரியே. ஆறு இடத்தில் அளந்தும், தண்ணீர் எங்கள் கைக்கு வரும்போது எவ்வளவு கெட்டிருந்தது, வழியில் நாங்கள் எவ்வளவு சேர்த்தோம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஓசூரிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன, ஓசூரிலும் சாக்கடை இருக்கிறது.

அவள் வேறொன்றும் சொன்னாள். பெல்லந்தூரும் வர்த்தூரும் இருக்கிற அதே கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரை இரண்டாம் நிலை சுத்திகரிப்பு செய்து 2018இலிருந்து கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், திட்டம் நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர். அவள் அப்பா 1,200 அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது என்றும், பக்கத்து ஏரி நிறைந்தபின் பழைய போரில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றும் சொன்னாள். குடிக்க மாட்டார்களாம், பயிருக்கு மட்டும். அதற்கும் அடுத்த படியான மூன்றாம் நிலை சுத்திகரிப்பு வேண்டும் என்று அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் எங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவருக்கு நுரை வேண்டாம், ஆனால் ஏப்ரலில் தண்ணீர் வேண்டும். கோலாருக்கு அதிகம் போனால் எங்களுக்கு நுரையும் குறையும், தண்ணீரும் குறையும். இதற்கு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, போய் ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டோம், அதுவும் தீர்ந்துபோகிற நேரத்தில்.

மூன்றாம் நாள் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். கோட்டுக்காரர்களில் பாதிப்பேர் வரவில்லை, முந்தைய இரவே விமானம் ஏறியிருந்தார்கள். அங்கே ஆப்பரேட்டராக இருந்த அண்ணன் கே.ஜி.எஃப். தமிழர். எல்லோருக்கும் ஹிந்தியிலும் கன்னடத்திலும் சொல்லிவிட்டு, நான் தமிழ் என்று தெரிந்ததும் மறுபடி முதலிலிருந்து தமிழில் சொன்னார். காற்றடிக்கும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் எடுத்து வைத்து, "30 நிமிஷம் பாரும்மா, எவ்வளவு கீழ உக்காருதுன்னு. அதான் எங்களுக்கு ஜாதகம்" என்றார். நாங்கள் லேபில் செய்கிற அதே சோதனைதான், ஆனால் அவர் ஜாடியைப் பார்ப்பதற்கு முன்பே வாசனையிலும் நிறத்திலும் சொல்லிவிடுகிறார். டீ நிறத்தில் இருந்தால் சரி, கறுத்தால் காற்று போதவில்லை. நுரையிலும் இரண்டு ஜாதி உண்டாம். வெள்ளையாக லேசாக எழும்பினால் சோப்பு. பழுப்பாக, கெட்டியாக, மேலே ஏடு மாதிரி படிந்தால் அது உள்ளே இருக்கிற இழைப் பாக்டீரியா வேலை. எங்கள் அணையில் வருவது எது என்று கேட்டார். வெள்ளைதான் என்றேன். "அப்போ அது எங்களையும் தாண்டி வருது, இல்ல எங்ககிட்ட வராமலே வருது" என்றார். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு பேப்பர் எழுதலாம்.

படிப்பு முடிந்து என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்டார். பெரிய அபார்ட்மென்ட் எல்லாவற்றிலும் எஸ்.டி.பி., அதான் இந்த மாதிரி சுத்திகரிப்பு நிலையம், சின்னதா இருக்கு, பாதியில ஓட்டத் தெரிஞ்ச ஆளில்லை, மோட்டாரை நிறுத்தி வெச்சுட்டு கரண்ட் மிச்சம் பண்றாங்க, வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனா எம்.டெக். படிச்சவங்க நாத்தத்துக்கு வரமாட்டாங்க என்றார். மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வேலைவாய்ப்பு ஆலோசனை இது. ஸ்டாலில் கொடுத்த விசிட்டிங் கார்டுகள் பதினொன்று, எழுதியதில் ஒருவரும் பதில் போடவில்லை.

திரும்பும்போது சென்னைக்குப் போகாமல் ஓசூர் பஸ் ஏறினேன். அத்திப்பள்ளியில் நெரிசல், ஒரு மணி நேரம். வீட்டில் அப்பா போஸ்டரைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் தக்காளி வைத்து அமுக்கிப் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்கு வராது, ஆனால் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியுமே. விரலை அணையிலிருந்து மேலே நகர்த்திக்கொண்டே போய் முத்திரையில் முட்டிக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

மேடம் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். போன வாரம் கோலார்க்காரியிடமிருந்து செய்தி வந்தது, வர்த்தூர் மதகுக்குக் கீழே எடுக்கலாம், எத்தனை லிட்டர் வேண்டும் என்று. ஒரு லிட்டர் போதும், பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசு, காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பு, நுரையை மேலாக அள்ளாதே, ஐஸ் பெட்டியில் வை, அன்றைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். கையுறை போட்டுக்கொள் என்று எழுத மறந்து, மறுபடி தனியாக அனுப்பினேன்.