அப்பாயியின் கேசட்டுகளை எழுத்தாக்கும் வேலை: நான்கு மாதத்தில் வந்த தூரம்

1996ல் அப்பா ஒரு விடுமுறையில் தன் அம்மாவை, எங்கள் அப்பாயியை, உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்த நான்கு கேசட்டுகள் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. ஒவ்வொன்றும் 60 நிமிடம், மொத்தம் நான்கு மணி நேரப் பேச்சு. அப்பாயி போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருகிறது, தொலைக்காட்சியில்கூட எழுத்து ஓடினால்தான் பார்க்கிறார். கேட்க முடியாததைப் படிக்கவாவது செய்யட்டும் என்று ஜனவரியில் இந்த வேலையைத் தொடங்கினேன். இதே மாதிரி கேசட் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால், செய்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவருவது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடாத நாடாவை எடுத்தவுடன் பிளேயரில் போட்டுவிடக் கூடாது. முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பாருங்கள், அவை உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் பதிவு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. அப்புறம் நாடாவை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, மறுபடி முழுக்கப் பின்னால் சுற்ற வேண்டும், ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் தளரும். மாமா வீட்டிலிருந்து வாங்கிவந்த பிளேயரின் தலையைப் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தபோது குச்சி பழுப்பாக வந்தது, துடைத்த பிறகு ஒலி எவ்வளவோ தெளிந்தது. இங்கே சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் வாங்கிய யுஎஸ்பி ஒலி அடாப்டர் வழியாக மடிக்கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒற்றை ஒலித்தடமாகப் பதிந்தேன். ஒரு பக்கம், அதாவது அரை மணி நேரம், ஏறக்குறைய 160 எம்பி வந்தது. அந்த மூலக் கோப்புகளைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, பிரதிகளில்தான் எல்லா வேலையும் செய்தேன்.

இரைச்சல் நீக்குவதில் ஆசைப்படக் கூடாது. பின்னணியில் மின்விசிறி ஓடுகிறது, அதை முழுக்க எடுத்துவிடலாம் என்று அளவைக் கூட்டினால் அப்பாயியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிட்டது, ச, ப, த எல்லாம் மழுங்கிப் போயின. எழுத்தாக்கும் கருவிக்கு அந்த மெய்யெழுத்துகள்தான் பிடிமானம். லேசாகக் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டேன், மின்விசிறி இன்னும் கேட்கிறது, கேட்கட்டும்.

பிப்ரவரி முழுக்கக் கருவிகளைச் சோதிப்பதில் போனது. பதிவுக் கோப்பை ஏற்றினால் தானே எழுதித்தருவது ஒரு வகை. மாதத்துக்கு 300 நிமிடம் என்ற வரம்போடு வேர்டிலேயே அந்த வசதி இருக்கிறது, 2022ல் வெளியான விஸ்பர் என்ற எழுத்தாக்கக் கருவியைச் சொந்தக் கணினியில் இறக்கி இணையமே இல்லாமல் ஓட்டலாம். கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு இன்னொரு வகை, அது கோப்பை வாங்காது, மைக்கில் பேசினால் எழுதும். முதல் கேசட்டின் முதல் பத்து நிமிடத்தை ஏழெட்டு விதமாக ஓட்டிப் பார்த்தேன். எதில் எந்தப் பிழை வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவையில்லை, தேய்ந்த கேசட்டும், மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சும், நடுநடுவே மலாய்ச் சொல்லும் கலந்து வந்தால் எந்தக் கருவிக்கும் சிரமம்தான்.

ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கணினி எழுதித்தந்தது இது: "ரோஜா கப்பலில் வந்தோம் மறுநாள் எங்களை எல்லாம் செஞ்சாந்தில் இறக்கி மருந்து தண்ணியில் குளிக்க வைத்தார்கள்." செஞ்சாந்து என்றால் குங்குமக் குழம்புதானே, வந்தவர்களுக்கு ஏதோ சிவப்பு மருந்து பூசியிருப்பார்கள் போலிருக்கிறது என்று இரண்டு நாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் வேகத்தைக் குறைத்து, காதோடு ஒட்டிவைத்துக் கேட்டபோதுதான் "செஞ்சாந்தீவுல" என்று வந்தது. அப்பாவிடம் எழுதிக்காட்டினேன். "அது செயின்ட் ஜான்ஸ் தீவும்மா. கப்பல்ல வந்தவங்கள நோய் நொடி இருக்கான்னு பாக்க அங்கதான் எறக்குவாங்க. அம்மா வாயில அது செஞ்சாந்தீவு" என்றார். ரோஜா கப்பல் என்று கணினி எழுதியது ரஜுலா கப்பல். 1926லிருந்து நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் ஓடிய அதே ரஜுலாவில்தான் 1938ல், பதினாறு வயதில், அப்பாயி இங்கே வந்து இறங்கியிருக்கிறார்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல் போய்விட்டது, ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகப் பட்டது வேறு. அப்பாயி "எறக்கி" என்றார், கணினி "இறக்கி" என்றது. அப்பாயி "வெச்சாங்க" என்றார், அது "வைத்தார்கள்" ஆகிவிட்டது. சில கருவிகள் பேச்சை அப்படியே விடும், சில தாமாகவே எழுத்து வழக்குக்கு மாற்றிவிடும், எப்போது மாற்றும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. படித்தால் பாடப்புத்தகம் மாதிரி ஒழுங்காக இருக்கிறது, ஆனால் அது அப்பாயி இல்லை.

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து நேர்காணல்களைச் சேர்த்துவருகிறது, தமிழிலும் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் சிலவற்றை அந்தச் சமயத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒருவர் பேசும்போது எங்கே நிறுத்துகிறார், எங்கே மலாய்க்குத் தாவுகிறார் என்று கேட்டுப் பழகிய பிறகு எனக்கு ஒரு முடிவு வந்தது: சொல்லை மாற்றக் கூடாது, வினைமுடிவை மாற்றக் கூடாது, வாசிப்பவர் தடுமாறும் இடத்தில் மட்டும் எழுத்துக்கூட்டலைச் சீர்செய்யலாம். "பொயிட்டு" என்பதைப் "போயிட்டு" என்று எழுதுவேன். "வெச்சாங்க" அப்படியே நிற்கும்.

மார்ச்சில்தான் வேலை நகரத் தொடங்கியது, காரணம் ஒரு சின்ன மாற்றம். கேசட்டைக் கணினிக்குக் கேட்கவைப்பதற்குப் பதிலாக நான் கேட்டு, நான் சொன்னேன். ஒரு காதில் இயர்ஃபோன், வாய்க்குப் பக்கத்தில் மைக். அப்பாயி ஒரு வரி சொல்வார், நிறுத்துவேன், அதே வரியை நான் திருப்பிச் சொல்வேன், குரல் தட்டச்சு எழுதும். மொழிப் பட்டியலில் தமிழுக்கு இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று நான்கு இருக்கின்றன, நான் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தேன். தொலைக்காட்சியில் நேரலை வசனம் போடுகிறவர்களில் பலரும் இப்படித் திருப்பிச் சொல்லித்தான் செய்வார்கள். என் குரலில் இரைச்சல் இல்லை, மைக் பக்கத்தில் இருக்கிறது, ஒரே ஆள்தான் பேசுகிறேன், அதனால் எழுத்து எவ்வளவோ சுத்தமாக வருகிறது. நிறுத்தக்குறிகளைக் கடைசியில் நானே போடுகிறேன். கையால் தட்டச்சு செய்தபோது அரை மணி நேரப் பதிவுக்கு ஐந்து மணி நேரம் ஆனது, இப்போது சொல்ல இரண்டு மணி, திருத்த ஒரு மணி.

இதில் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. திருப்பிச் சொல்லும்போது நம் வாயும் திருத்தும். "எறக்கி" என்று காதில் விழுந்ததை நான் "இறக்கி" என்று சொல்லியிருப்பதைத் திருத்தும்போதுதான் கண்டேன், பள்ளிக்கூடத்துத் தமிழ் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. அப்பாயியின் இழுப்போடு, அதே வேகத்தில் சொல்லப் பழக ஒரு வாரம் ஆனது. பழகிய பிறகு வீட்டில் சாதாரணமாகப் பேசும்போதும் அந்த இழுப்பு வருகிறது என்று என் மகள் சொல்கிறாள்.

மலாய்ச் சொற்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன். தாத்தா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், அதனால் அப்பாயி பேச்சில் அந்த வேலையின் சொற்கள் ஏராளம். தொங்காங் என்பது கப்பலிலிருந்து சரக்கை ஆற்றங்கரைக்குக் கொண்டுவரும் படகு, 1983ல் படகுகளையெல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றும் வரை சிங்கப்பூர் ஆறு முழுக்க அவைதான். மண்டோர் என்பது மேஸ்திரி. போர்டு வீடு என்பது ஹார்பர் போர்டு கொடுத்த வீடு, 1964ல் அது துறைமுக ஆணையமாக மாறிய பிறகும் அப்பாயிக்குப் போர்டு போர்டுதான், கணினி அதைப் "போட்ட வீடு" என்று எழுதியிருந்தது. கூடாங் என்ற சொல் வந்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. நம் கிடங்குதான் மலாய்க்குப் போய்க் குடாங் ஆனது என்பார்கள், அதையே அப்பாயி திரும்ப வாங்கித் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறார். இந்தச் சொற்களைச் சொல்லும்போது குரல் தட்டச்சை நம்பாமல் "தொ1", "மண்2" என்று அடையாளம் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவேன், பிறகு வேர்டில் தேடி மாற்றிக்கொள்வேன்.

அந்தத் தேடலில் ஒரு சிக்கல், தமிழில் வேலை செய்கிற யாருக்கும் வரக்கூடியது. தொங்காங் என்று தேடினால் ஒன்பது இடம்தான் காட்டியது, கண்ணால் எண்ணினால் இருபத்து மூன்று. ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம், திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஜனவரியில் பழைய விசைப்பலகையில் நான் அடித்த பகுதி இரண்டு குறியீடாக இருந்திருக்கிறது. கொம்பையும் காலையும் சேர்த்துத் தேடி ஒரே குறியாக மாற்றிய பிறகு எல்லாம் கிடைத்தது. ஓகாரத்துக்கும் இதையே செய்ய வேண்டும், ஔகாரத்தில் ள என்ற எழுத்தை ஒட்டவைத்திருந்தால் அதையும் பாருங்கள். 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக்காட்டிய நா. கோவிந்தசாமி இந்த ஊர்க்காரர். யூனிகோடு பரவாத அந்தக் காலத்தில் எழுத்துருவோடு அவர் எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் கேசட்டின் முதல் பக்கம், பத்தொன்பதாவது நிமிடம். ஜப்பான்காரன் காலம். ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் இருந்த தன் தம்பியைச் சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனதைச் சொல்கிறார் அப்பாயி. "லாரில ஏத்தினப்ப சட்டகூடப் போடல. துண்டோட போனான்." அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மின்விசிறி மட்டும் ஓடுகிறது. தானாக எழுதும் கருவியில் இந்தப் பகுதியை ஓட்டியபோது, அந்த மௌனத்தின் இடத்தில் "நன்றி வணக்கம்" என்று எழுதிவைத்திருந்தது. இந்த வகைக் கருவிகள் வீடியோக்களின் வசனவரிகளைப் படித்துப் பழகியவை, பேச்சே இல்லாத இடத்திலும் எதையாவது நிரப்பப் பார்க்கும், இது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் அன்று எனக்கு மேலே ஓடவில்லை, கணினியை மூடிவிட்டேன். தானாக எழுதியதை முழுக்க ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு வரியையும் என் வாயால் சொல்லியே ஏற்றுவது என்று முடிவெடுத்தது அன்றுதான்.

ஆடாசிட்டியில் அளந்தேன், 14 விநாடி. எழுத்தில் "மௌனம், 14 விநாடி" என்று தனி வரியாகப் போட்டேன். அதற்குப் பிறகு அப்பாயி "சரி, அத விடுய்யா" என்று சொல்லிவிட்டு அரிசி விலைக்குப் போய்விடுகிறார்.

போன வாரம் முதல் இரண்டு கேசட்டையும் பெரிய எழுத்தில் அச்சடித்து அப்பாவிடம் கொடுத்தேன். கோப்பிக்கடைக்குக்கூடப் போகாமல் காலையிலிருந்து படித்தார். இரண்டு இடத்தில் மட்டும் பேனாவால் திருத்தினார், ஒன்று ஆள் பெயர், இன்னொன்று ஊர்ப் பெயர். மௌனம் என்று போட்ட வரிக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னார், "இங்க அம்மா சும்மா இல்லம்மா. தோள்ல கெடந்த துண்ட எடுத்து மடிச்சுது. மடிச்சு மடியில வெச்சுக்கிச்சு. அப்புறந்தான் பேசிச்சு."

அதை அவர் சொன்னபடியே தட்டச்சு செய்து, அந்த வரிக்குப் பக்கத்தில் வேர்டில் ஒரு குறிப்பாக, தேதி போட்டுச் சேர்த்திருக்கிறேன். இனி ஒவ்வொரு கேசட்டையும் முடித்தவுடன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும், கேசட்டில் விழாதது இன்னும் எத்தனை அவரிடம் இருக்கிறதோ. மூன்றாம் கேசட்டில் முதல் பக்கம் பாதி முடிந்திருக்கிறது. நான்காவதன் பின்பக்க அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் "தாலாட்டு" என்று இருக்கிறது, அதை மட்டும் கையால்தான் எழுதுவேன்.