மோடு குமிழும் முதல் கிளெய்மும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடைத் தம்பி, கான்கிரீட்டைத் துளைக்கும் ரோட்டரி ஹேமரின் மோடு குமிழைத் திருப்பிக் காட்டுகிறார். டிரில், ஹேமர் டிரில், உளி.

இரண்டு மோடுக்கு நடுவே நிறுத்திவிட்டு டிரிக்கரை அழுத்தினார். மோட்டார் ஓடவில்லை.

பேட்டன்ட் எழுதுபவர் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

"மோட்டார், கியர், மோடு குமிழ் கொண்ட கருவி" என்று முதல் கிளெய்ம் (எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம்) எழுதினால் பேட்டன்ட் அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கையில் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். குமிழ் ஒரு பழைய ஆவணத்தில், மோட்டார் கட்டுப்பாடு இன்னொன்றில், இரண்டையும் சேர்ப்பதில் புதுமைப் படி இல்லை, அதாவது துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றிவிடும். கூடவே இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(எஃப்): தனித்தனியே இயங்கும் தெரிந்த சாதனங்களின் வெறும் அடுக்கு.

ஆகவே பாகங்களை அடுக்காதீர்கள், ஒன்று இன்னொன்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதுங்கள்.

குமிழில் காந்தம், போர்டில் அந்தக் காந்தத்தை உணர்ந்து குமிழ் எங்கே நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார். உளி மோடில் பிட் சுழலாது, டிரிக்கரை அழுத்திய நிலையிலேயே நிறுத்தும் லாக்கை அனுமதிக்கலாம். சுழலும் மோடில் பிட் கான்கிரீட் கம்பியில் மாட்டினால் கருவியே திரும்பி மணிக்கட்டை முறுக்கும். அங்கே லாக் கூடவே கூடாது. குமிழ் நடுவில் நின்றால் கியர் பல் அரைகுறையாகக் கவ்வித் தேயும், அதனால் மோட்டாருக்குக் கரண்ட் போகக் கூடாது.

இவ்வளவும் தாக்கல் செய்யும்போதே விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தர 6 மாதம், கேட்டால் மேலும் 3 மாதம் கிடைக்கும். ஆனால் முதலில் சொல்லாததைப் பிறகு சேர்க்கப் பிரிவு 59 விடாது.

வரைபடத்தில் அந்தக் காந்தத்துக்கும் சென்சாருக்கும் தனித்தனி எண் போட்டுவிடுங்கள். ஹியரிங்கில் சுட்டிக்காட்ட அதுதான் கைகொடுக்கும்.