சாடிகள் உள்ளே வரும் காலம்

செப்டம்பர் 7, ஞாயிறு

தேத்தண்ணியோடு பின்கதவைத் திறந்து டெக்கில் கால் வைத்தேன். பலகை சில்லிட்டது. போனில் பார்த்தால் விடியப்புறம் 11 பாகை. மாமி எனக்கு முன்னமே எழும்பி, கம்பளிச் சட்டையோடு மல்லிகைக்குப் பக்கத்தில் நின்றா.

"தம்பி, இதுகளை எப்ப உள்ளுக்கை எடுக்கப்போறியள்?"

"இன்னும் நாள் கிடக்கு மாமி. ஒக்ரோபர் நடுப்பகுதிக்குத்தானே உறைபனி வரும்."

"உறைபனிக்கு நாள் கிடக்கு. இதுகளுக்கு இல்லை."

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் வீடு வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் இதே கதைதான். எண்ணிப் பார்த்தேன், பதினாலு சாடி. கறிவேப்பிலை பெரிசு ஒன்று, மே மாதம் அதன் அடியிலிருந்து பிரித்து வைத்த பக்கக்கன்று ஒன்று. பிறகு மல்லிகை, ரம்பை, தேசி, செவ்வரத்தை, துளசி, வெற்றிலை, முருங்கை. மிச்சம் ஐந்தும் மிளகாய். தெற்குப் பார்த்த கண்ணாடி வீட்டில் ஒன்றே ஒன்று, குசினிக்குப் பக்கத்து இழுவைக் கதவு. பதினாலு பேருக்கு ஒரு யன்னல். யாருக்கு இடம், யாருக்கு பேஸ்மென்ற் என்ற வழக்கு இன்றைக்கே தொடங்கிவிட்டது. மல்லிகைக்கு மாமி வழக்காடுவா. கறிவேப்பிலைக்கு வழக்கறிஞர் தேவையில்லை. மார்கழியில் கடையில் ஒரு பிடி வாடல் இலைக்குக் கேட்கிற காசு போதும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாமி சொன்னதுதான் சரி. உறைபனி என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றதுதான் இவ்வளவு காலமும் நான் விட்ட பிழை. பூச்சியத்துக்குப் போனால் கன்று செத்துப்போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெப்ப நாட்டுக் கன்றுகள் 10 பாகைக்குக் கீழே போகும்போதே நோகத் தொடங்கிவிடும். துளசி முதலில் காட்டிக்கொடுக்கும், இலையில் கறுப்புப் புள்ளி விழும். கறிவேப்பிலை தேசியின் குடும்பம், கொஞ்சம் தாங்கும். என்றாலும் நாலைந்து குளிர் இரவு பட்டால் வளர்வதை நிறுத்திவிட்டு இலையை மஞ்சளாக்கும். இந்த முறை கலண்டரில் திகதி ஒன்றும் குறிக்கவில்லை. "இரவு 10" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஹீற்றர் போட முதல், யன்னல்கள் திறந்திருக்கும் நாட்களில் உள்ளே எடுத்தால் வீட்டுக் காற்றும் வெளிக்காற்றும் ஒன்றுதான், கன்றுக்கு வித்தியாசம் தெரியாது. ஹீற்றர் தொடங்கிய பிறகு எடுத்தால், ஈரமான வெளியிலிருந்து அப்பளம் காயப்போடக்கூடிய அறைக்கு வந்த மாதிரி இருக்கும்.

நேரே வெயிலிலிருந்து வீட்டுக்குள் கொண்டுபோனாலும் இலை கொட்டும். அதனால் இன்றைக்கு எல்லாச் சாடிகளையும் நிழலுக்கு நகர்த்தினேன். வடக்குச் சுவரோரம் பெரியவை. பக்கக்கன்றுக்கு அங்கே இடமில்லை, கராஜுக்கும் வேலிக்கும் நடுவே குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால் வைத்தேன். அது வீட்டுக்கு இல்லை, ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் சிநேகிதருக்குச் சொல்லி வைத்தது.

செப்டம்பர் 20, சனி

குளிப்பாட்டும் நாள். பெரிய வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணி நிரப்பி, சின்னச் சாடிகளை விளிம்புவரை இறக்கிக் கால் மணித்தியாலம் விட்டேன். துளசிச் சாடியிலிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு தண்டில் ஏறின. வாலில் இடுக்கி உள்ள பூச்சி இரண்டு வெளியே வந்தது. தொட்டால் உருண்டைபோல் சுருளும் சாம்பல் பூச்சி எத்தனை என்று எண்ணவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மகன், "இவையெல்லாம் எங்கட வீட்டிலதான் இவ்வளவு நாளும் இருந்தவையா?" என்று கேட்டான்.

பெரிய கறிவேப்பிலையை வாளியில் இறக்க முடியாது. குழாயால் இலைக்குக் கீழ்ப்பக்கம் அடித்தேன். நடுநரம்போரம் மண்ணிறச் செதில் பூச்சிகள், பொட்டு ஒட்டின மாதிரி. நகத்தால் நெம்பினால் கழன்று வருகிறது, அடியில் பிசுபிசுப்பு. பஞ்சில் அல்கஹோல் தொட்டு ஒவ்வொன்றாய்த் துடைத்து எடுக்க ஒன்றரை மணித்தியாலம் போனது. பிறகு பூச்சிக்கென்று விற்கிற சவர்க்காரக் கரைசல் அடித்தேன். பாத்திரம் கழுவுகிற திரவத்தை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இலையின் மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும்.

மாமி வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னா. கனடாவில் வேப்பெண்ணெய்க்குப் பூச்சிமருந்து என்ற பதிவு இல்லை, கடையில் இலைக்கு மினுக்கம் கொடுக்கும் எண்ணெய் என்றுதான் போத்தலில் போட்டிருக்கும் என்றேன். "மினுக்கமோ?" என்று சிரித்தா. சிரித்து முடிய நேரமெடுத்தது.

செப்டம்பர் 27, சனி

போன இரவு 9. போதும்.

தூக்குவதற்கு இரண்டு நாள் முன்னமே தண்ணி விடுவதை நிறுத்தியிருந்தேன். நனைந்த மண்ணோடு பெரிய சாடியைத் தூக்கி மூன்று வருடத்துக்கு முன் இடுப்பு பிடித்துப் படுத்த அனுபவம் உண்டு. மாமியின் பழைய பருத்திச் சேலையால் கறிவேப்பிலைக் கொப்புகளைக் கூந்தல் முடிகிற மாதிரிச் சுற்றிக் கட்டினோம். சில்லு வைத்த பலகையில் ஏற்றி நானும் மகனும் தள்ள, மனைவி கதவைப் பிடிக்க, மாமி "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தா. கதவு நிலையில் ஒரு கொப்பு முறிந்தது. வீடு முழுக்க வாசம். இரவுச் சொதிக்கு அதுதான் போனது.

தீர்ப்பு இப்படி: கண்ணாடிக்கு நேரே கறிவேப்பிலையும் தேசியும். மல்லிகையைப் பாதிக்கு வெட்டி அதே கதவின் ஓரத்தில், குளிர் கொஞ்சம் தட்டுகிற மூலையில் வைத்தேன். வெட்டும்போது மாமி பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டா. செவ்வரத்தையில் மூன்றில் ஒரு பங்கு போனது. ரம்பைக்கு வெளிச்சம் குறைவாயும் சமாளிக்கத் தெரியும், மேல்மாடிக் குளியலறை. துளசி சாமியறை யன்னலில். வெற்றிலை குசினியில். முருங்கையை யன்னலில் வளர்க்க நான் பட்ட பாடெல்லாம் வீண். முழங்கால் உயரத்துக்கு அறுத்து, தண்ணி நிறுத்தி, பேஸ்மென்றில் தூங்க விட்டாச்சு. போன வருடமும் அப்படித்தான் பிழைத்தது. மிளகாய் ஐந்தில் ஒன்றுக்குத்தான் இடம். மற்ற நாலும் காய்க்கிறவரை வெளியே காய்க்கட்டும்.

ஒக்ரோபர் 4, சனி

26 பாகை. மனிசர் அரைக்காற்சட்டையோடு திரிகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கறிவேப்பிலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. அவசரப்பட்டேனோ என்று நினைத்தேன். மாமியிடம் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 9, வியாழன், இரவு

பின்னேரம் சுற்றாடல் திணைக்களத்தின் உறைபனி அறிவித்தல் வந்தது. எதிர்வுகூறலில் இரவு 2 பாகை என்றுதான் போட்டிருக்கிறது. அந்த 2 நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் அளப்பது. முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் பகல் முழுக்க வாங்கின சூட்டை நிலம் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். புல்லின் நுனியில் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். முகில் இருந்தால் போர்வை போர்த்த மாதிரி. இன்றைக்கு ஒரு முகிலும் இல்லை, வெள்ளிகள் பளிச்சென்று தெரிகின்றன.

எங்கள் வளவுக்கு இன்னொரு சனியனும் உண்டு. பின்பக்கம் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரிவு. குளிர்காற்று பாரமானது, தண்ணி மாதிரித் தாழ்வுக்கு ஓடும். தெரு முழுக்க இறங்கி வருகிற குளிரை எங்கள் பின்வேலி வயல் வரம்பு மாதிரி மறித்து நிறுத்தும். நாலு வீடு தள்ளி மேட்டில் இருப்பவர்களுக்குப் பனி விழாத நாளிலும் எங்களுக்கு விழும்.

வெளியே நிற்கும் நாலு மிளகாய்க்கும் மத்தியானமே தண்ணி விட்டேன். ஈரமண் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இருட்டுப்பட்டதும் பழைய படுக்கை விரிப்புகளால் மூடி, விளிம்பு நிலத்தைத் தொடும்படி கல் வைத்தேன். பொலித்தீன் வேண்டாம், அது இலையில் முட்டுகிற இடமெல்லாம் கருகும்.

பக்கத்து வீட்டு இத்தாலியர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். கலபிரியாவிலிருந்து வந்து ஐம்பது வருடத்துக்கு மேல். மகன் அவரை நொன்னோ என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் மொழியில் தாத்தா. அவருடைய அத்திமரத்துக்கு ஏன் ஒன்றும் மூடவில்லை என்று கேட்டேன். அத்திக்கு ஒரு பனி பட வேண்டுமாம், பட்டால்தான் இலையைக் கொட்டிவிட்டு உறங்கப்போகுமாம். நான் ஓடி ஒளிகிற அதே இரவுக்கு அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

விடிய ஆறரைக்கு எழும்பினேன். புல் வெள்ளை. மாவு தூவின வெள்ளை இல்லை, கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் சின்னச் சின்ன ஊசிகள், சீனிக்கற்கண்டை நொருக்கி ஒட்டின மாதிரி. நடந்தால் நொறுக்கென்று சத்தம். மாமி யன்னலால் பார்த்துவிட்டு, தன் அண்ணன் நுவரெலியாவில் படிப்பித்த காலத்தில் தை மாதம் இப்படித்தான் தேயிலைக் கொழுந்து கருகும் என்று சொல்வாராம், தான் அந்த நாளில் நம்பவில்லை என்றா.

மிளகாய் மூன்று தப்பிவிட்டது. நாலாவதின் விரிப்பு ஒரு பக்கம் வழுகியிருந்தது, அந்தப் பக்கம் மட்டும் போனது.

குப்பை போடக் கராஜுக்குப் பக்கத்தால் போனபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. பக்கக்கன்று. இரண்டு கிழமைக்கு முன் பதின்மூன்று சாடியை எண்ணி ஒழுங்குபடுத்தினவன், பதினாலாவதை மறந்துபோனேன். சிநேகிதருக்குக் கொடுத்தாச்சு என்று மனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அப்போது பார்க்க அழகாய்த்தான் நின்றது. இலை விறைத்து, விளிம்பில் வெள்ளி பூசி. ஒன்பது மணிக்கு வெயில் பட்டதும் எல்லாம் தொங்கியது. கலங்களுக்கு வெளியே இருக்கும் நீர் முதலில் உறையும், உறைந்தது உள்ளே இருக்கும் நீரையும் உறிஞ்சி எடுக்கும், மென்சவ்வு கிழியும். உருகிய பிறகு இலையில் பிடிக்க ஒன்றுமில்லை. அவித்த கீரை மாதிரிக் கரும்பச்சை, தொட்டால் விரலில் ஈரம். கசக்கி மணந்து பார்த்தேன். வாசம் மட்டும் அப்படியே இருந்தது.

ஒக்ரோபர் 13, திங்கள்

தாங்ஸ்கிவிங் விடுமுறை. சிநேகிதருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "எங்கட பக்கம் இன்னும் ஒண்டும் விழேல்லையே" என்றார். அவருக்கு ஒன்ராறியோ ஏரி கிட்ட. கோடை முழுக்கச் சூடு குடித்த தண்ணி, கரையை இன்னும் கொஞ்ச நாளுக்குக் காப்பாற்றும். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தூரத்தில் வேறு ஒரு காலநிலை. பக்கக்கன்றைச் செப்டம்பரிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இன்றைக்கும் அது டெக்கில் நிற்கும்.

கன்றை எறிய மனம் வரவில்லை. இலைகளைக் கழித்து, தண்டில் நகத்தால் சுரண்டினேன். மேலே பழுப்பு. மண்ணுக்கு நாலு விரல் மேலே மெல்லிய பச்சை. கறிவேப்பிலை வேரிலிருந்தும் துளிர்க்கக்கூடியது. பழுப்பு மட்டும் வெட்டிவிட்டு பேஸ்மென்றில் முருங்கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பங்குனிவரை அதற்குத் தண்ணி காட்டக்கூடாது, இலை இல்லாத கன்று குடிக்காது, வேர்தான் அழுகும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

ஹீற்றர் ஓடத் தொடங்கிப் பத்து நாள். கறிவேப்பிலை ஒரு நாளைக்கு இருபது முப்பது இலை கொட்டுகிறது. முதல் வருடம் இதற்குப் பயந்து தண்ணி ஊற்றி ஊற்றியே ஒன்றைக் கொன்றேன். இப்போது விரலை மண்ணுக்குள் விட்டு இரண்டாம் கணுவரை காய்ந்தால் மட்டும் ஊற்றுகிறேன். மாமி விழுகிற இலைகளைப் பொறுக்கி, மஞ்சளை விலக்கி, மிச்சத்தைக் காயவைத்துப் போத்தலில் போடுகிறா.

எல்.ஈ.டி. விளக்குக்கு ரைமர் போட்டாச்சு, காலை ஏழிலிருந்து இரவு ஒன்பதுவரை. மார்கழியில் இங்கே பகல் ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ. தேசியில் சிலந்திப்பேன் வலை ஒன்று தெரிகிறது, வறண்ட காற்றின் பரிசு. நாளைக்குத் திரும்பவும் குளிப்பாட்ட வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

நொன்னோவின் அத்தியைப் புதைக்க மகனும் நானும் போனோம். கொப்புகளைக் கயிற்றால் இறுக்கி, ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தையே பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து, தோண்டின கிடங்குக்குள் படுக்க வைத்தார். மேலே பலகை, படங்கு, மண். ஐந்தாறு சருகுப் பைகள். முன்வளவில் இன்னொன்று, வளையாத வயது. அதை நிற்கவிட்டே பழைய கம்பளியால் சுற்றி, உச்சியில் மழை இறங்காமல் வாளியைக் கவிழ்த்தார். தொப்பி போட்ட மனிசன் மாதிரி நிற்கிறது.

வந்து கை கழுவிவிட்டு பேஸ்மென்றுக்கு இறங்கினேன். முருங்கைச் சாடி காய்ந்து கிடக்கிறது, சரி. பக்கக்கன்றின் மண் ஈரம். போன கிழமையும் ஈரமாய்த்தான் இருந்தது, சுவரின் குளிர் என்று நினைத்தேன். இன்றைக்குச் சாடிக்குப் பின்னால் சாமியறைச் செம்பு.

மேலே வந்து ஒன்றும் கேட்கவில்லை. மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.

"பச்சையாத்தான் கிடக்கு, பாத்தனியளே?" என்றா, நிமிராமல்.

திரும்பக் கீழே போய் நகத்தால் சுரண்டினேன். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. பேஸ்மென்ற் வெளிச்சம் மஞ்சள்.