ஹெபடைடிஸ் பி-யும் என் தொப்பையும்

ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் எனக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. வைரஸை அடக்கத் தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. 2018-ல் வந்த தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். வைரஸ் அளவு நன்றாக இறங்கியது. மதுரையில் கல்லீரல் டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு எடை பார்க்கச் சொன்னார். 84 கிலோ. உயரம் 168 செ.மீ.

"பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு, 30-ஐத் தொடுது. நம்ம ஆட்களுக்கு 23 தாண்டினாலே கூடுதல். வைரஸை மாத்திரை பார்த்துக்கும், வயித்தை யார் பார்க்கிறது?"

மாத்திரை கல்லீரல் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும், அறவே போக்காதாம். கல்லீரல் சுருங்காதவர்களுக்கும் இந்த வைரஸால் புற்று வரலாம். அதோடு உடல் பருமனும் சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். எனக்குச் சர்க்கரையும் எல்லையில் நின்றது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன், கூடவே புற்றுக்கு அறிகுறி உண்டா என்று பார்க்கிற ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனை. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். தொப்பையும் கல்லீரல் கொழுப்பும் படத்தை மங்கலாக்குமாம். சின்னக் கட்டி இருந்தால் கண்ணில் படாமல் போகலாம். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு உறைத்தது. கட்டியைத் தேடத்தானே ஸ்கேனே!

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறேன், உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஐஸும் ஓடாது. டீக்கடையும் வடையும்தான். எடை ஏறுவதே அப்போதுதான். 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் கொழுப்பும் வீக்கமும் இறங்கும், ஆனால் பட்டினி கிடந்து மளமளவென்று குறைக்கக் கூடாது என்றார் டாக்டர். ராத்திரி பரோட்டாவை நிறுத்தினேன். மீனை விடவில்லை, பொரிப்பதை மட்டும் விட்டுக் குழம்புக்கு மாறினேன். அப்புறம் சாயங்கால நடை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழாநெல்லி சாப்பிடச் சொன்னார். மாத்திரையை நாமாக நிறுத்தினால் வைரஸ் திடீரென்று கிளம்பிக் கல்லீரலையே கவிழ்த்துவிடும். "சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு மாத்திரையைத் தொடர்ந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தோம், யாருக்கும் இல்லை. பிள்ளைகளுக்குப் பிறந்தபோதே தடுப்பூசி போட்டாகிவிட்டது. மனைவிக்கு இப்போது மூன்று ஊசியும் முடிந்தது.

இப்போது 77 கிலோ. போன ஸ்கேனில் கொழுப்பு ஒரு படி இறங்கியிருக்கிறது, படமும் தெளிவு. டாக்டருக்கு இது போதவில்லை, 70-க்குக் கீழே வரச் சொல்கிறார். அடுத்த ஸ்கேனுக்குத் தடைக்காலம் முடிகிற வாரத்தில் தேதி வாங்கியிருக்கிறேன், வேண்டுமென்றேதான்.